இணையவழிச் சதுரங்கமும் ஐயமும்

சதுரங்கம் ஒளிவுமறைவற்ற ஆட்டமாகும். சீட்டாட்டத்திற் போல மறைத்து வைக்கும் சீட்டும் அதன்கண் இல்லை. தாயத்திற் போலத் தற்செயலும் இல்லை. 64 கட்டங்களும் 32 காய்களும் இருவர் கண்முன்னும் ஒருங்கே விளங்கும். ஆயின், இணையவழி ஆடுங்கால் மறைபொருள் ஒன்று புகுந்துவிடுகின்றது. அம்மறைபொருள் எதிராளியே. கண்டி - மாத்தளை வீதியிலுள்ள அலவத்துகொடவில் இருந்து கைப்பேசியில் ஆடும் மாணவனுக்கு, கடல்கடந்த நாட்டில் உள்ள எதிராளி தன் மதியால் ஆடுகின்றானா, கணினியின் துணையால் ஆடுகின்றானா என்பது தெரிவதில்லை.

இவ்வையம் காரணமின்றி எழுவதன்று. 1997 மே மாதத்தில் ஐ.பி.எம். நிறுவனத்தின் 'டீப் புளூ' என்னும் கணினி உலக வாகையர் கஸ்பரோவை வென்றது. அன்று பெரும்பொறி ஒன்றிற்கே வாய்த்த ஆற்றலை விஞ்சிய ஆற்றல், 'ஸ்டொக்பிஷ்' முதலிய இலவச மென்பொருள்களால் இன்று எளிய கைப்பேசிக்கும் வாய்த்துள்ளது.

சைவ சித்தாந்த அளவைநூலார் அறிவின் வாயில்களாகக் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றைச் சிறப்பாகக் கொள்வர். அந்தி மயக்கத்தில் தொலைவில் தோன்றுவது குற்றியோ மகனோ எனத் தடுமாறுதல் ஐயக்காட்சி எனப்படும். ஐயம் அறிவன்று, அறிவை நாடத் தூண்டுவது. எதிராளிமேல் எழும் ஐயத்தையும் இவ்வளவைகளாலேயே தெளிதல் வேண்டும்.

காண்டல், ஆட்டக்காரர் நேரிற் கூடும் மண்டபத்திற்கே பெரிதும் உரியது. 2006 டிசெம்பரில் புதுடில்லிப் போட்டியொன்றில் ஓர் ஆட்டக்காரரின் தொப்பியினுள் புளூடூத் கருவி கண்டெடுக்கப்பட்டது. அகில இந்தியச் சதுரங்கச் சம்மேளனம் அவருக்குப் 10 ஆண்டுத் தடை விதித்தது.

இணையத்தில் உரையால் உண்மை வெளிப்பட்டமைக்குத் தமிழகத்து விசுவநாதன் ஆனந்தின் ஆட்டமொன்று சான்றாகும். 2021 ஜூன் 13 இல், கொவிட் நிவாரண நிதிக்காக அவர் பலருடன் இணையவழி ஆடினார். தொழிலதிபர் நிகில் காமத்திடம் அவர் தோல்வியுற்றதாக முடிவு அமைந்தது. செஸ்.கொம் நிறுவனம் காமத்தின் கணக்கை மூடியது. கணினியின் துணையும் பிறர் துணையும் பெற்றதைக் காமத்தே ஒப்புக்கொண்டு வருந்தினார். ஆனந்த் அதனை மேலும் வளர்க்க விரும்பாமையின் கணக்கு மீண்டும் திறக்கப்பட்டது.

காண்டலும் உரையும் இல்லாவிடத்துக் கருதலே எஞ்சும். ஒருவரின் நகர்வுகள் கணினி தேரும் நகர்வுகளோடு எவ்வளவு பொருந்துகின்றன, எளிய நகர்வுக்கும் அரிய நகர்வுக்கும் ஒரே அளவு நேரம் செல்கின்றதா என்பன ஆராயப்படும். அமெரிக்கப் பேராசிரியர் கென்னத் ரீகன் இத்தகைய புள்ளியியல் முறையை வகுத்தவருள் முதன்மையானவர். ஆயினும் புகைகண்டு நெருப்பைத் துணிவோர், மலைநாட்டு மூடுபனியைப் புகையெனக் கொள்ளுதல் ஆகாது. மனப்பாடமான தொடக்க நகர்வுகளும், வேறு வழியற்ற நகர்வுகளும் எவர் ஆடினும் கணினியோடு பொருந்துவனவே. மேலும், 1,000 பேரில் ஒருவரை மட்டும் தவறாகச் சுட்டும் சோதனையும் நேர்மையாளர் 10,000 பேரிடையே 10 பேரைக் குற்றவாளியாக்கிவிடும்.

2022 செப்டெம்பரில் அமெரிக்காவில் நேரில் நிகழ்ந்த ஆட்டத்தில் 19 வயதினரான ஹான்ஸ் நீமன், உலக வாகையர் கார்ல்சனை வென்றார். கார்ல்சன் போட்டியினின்று விலகிப் பின்னர்த் தம் ஐயத்தை வெளியிட்டார். 12, 16 வயதுகளில் இணைய ஆட்டங்களில் வஞ்சித்ததை நீமன் ஒப்புக்கொண்டார். நேரில் வஞ்சித்ததை மறுத்தார். 2023 டிசெம்பரில் உலகச் சம்மேளனத்தின் ஒழுக்க ஆணைக்குழு, தக்க காரணமின்றி விலகியமைக்காகக் கார்ல்சனுக்கு 10,000 யூரோ தண்டம் விதித்தது. முன்செய்த வஞ்சனை பின்னைய வெற்றிமீதும் கறை படியச் செய்தது. தெளியாத ஐயமோ ஐயுற்றவருக்கே இழுக்காயிற்று.

ஆதலின், ஐயுறும் மாணவன் எதிராளியைப் பலரறியப் பழித்தல் தகாது. ஆட்டத்தை நடத்துவோரிடம் முறையிட்டு, தீர்ப்பை அவர்பால் விடுதலே முறை. தோற்ற ஆட்டத்தில் தன் பிழை எங்குளது என அவன் முதலில் ஆராய்வானாயின், ஐயம் பொய்யாயினும் கல்வி எஞ்சும்.