இரண்டு மூலக்கூறு கனமுள்ள எல்லை

இருதயத்தின் துடிப்பையும் மூளையின் நுட்பத்தையும் வியந்து எழுதுவோர் நம்மிடையே அநேகர். ஆனால் அவ்விரண்டும் அடங்கலாக உடம்பிலுள்ள ஒவ்வோர் உயிரணுவையும் சூழ்ந்து நின்று, உள்வேறு புறம்வேறு எனப் பிரித்து வைக்கும் சவ்வைப் பற்றிச் சாதாரண வாசகருக்கு எடுத்துச் சொல்வோர் சொற்பமே. ஒரு மில்லிமீட்டரை லட்சம் கூறு செய்தால் அவற்றுள் ஒரு கூறின் அளவுகூட அதன் கனம் இராது. அத்தகைய பொருளின் அமைப்பை, எலெக்ட்ரான் நுண்பெருக்கியின் வழியே அதைக் காண்பதற்குப் பல ஆண்டுகள் முன்னதாகவே, மனிதர் வெறும் கணக்கினால் ஊகித்துவிட்டனர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் ஜூரிச் நகரில் ஆராய்ந்த ஓவர்ட்டன் என்னும் விஞ்ஞானி, நூற்றுக்கணக்கான ரசாயனப் பதார்த்தங்களைத் தாவர உயிரணுக்களின்மீது பிரயோகித்துப் பார்த்து, எண்ணெயில் எளிதாகக் கரைவது எதுவோ அதுவே உயிரணுவுக்குள்ளும் விரைவாக நுழைகிறதென்று கண்டார். ஆகவே எல்லையாக நிற்பது கொழுப்பு வகையைச் சேர்ந்ததே என்பது அவருடைய அனுமானம். அந்தக் கொழுப்பு எத்தனை அடுக்கு என்ற கேள்விக்கு 1925-ல் ஹாலந்து தேசத்து லைடன் நகரில் கோர்ட்டர், கிரெண்டல் என்னும் இருவர் விடை கண்டனர். அவர்கள் தேர்ந்துகொண்டது ரத்தத்தின் சிவப்பணு. பாலூட்டிகளின் சிவப்பணுவில் உட்கரு முதலியன இல்லாமையால், அதிலிருந்து கிடைக்கும் கொழுப்பு முழுவதும் மேற்சவ்வினுடையதே என்று துணிந்து சொல்லலாம். மனிதன், நாய், ஆடு, முயல் முதலிய பிராணிகளின் சிவப்பணுக்களை எண்ணிக் கணக்கிட்டு, அவற்றின் கொழுப்பை அசிட்டோனில் பிரித்தெடுத்து, ஆழமற்ற தட்டிலிருந்த நீரின்மேல் படரவிட்டார்கள். ஒரே மூலக்கூறு கனத்தில் படர்ந்த அந்தப் படலத்தைப் பட்டையொன்றினால் மெல்ல நெருக்கிக்கொண்டே வந்து, மூலக்கூறுகள் இனி நெருங்க இடமில்லாமல் எதிர்த்துத் தள்ளத் தொடங்கிய இடத்தில் பரப்பை அளந்தபோது, அது அத்தனை அணுக்களின் மேற்பரப்பையும் கூட்டினால் வருவதைப்போல் இரண்டு மடங்காக இருந்தது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அசிட்டோன் கொழுப்பு முழுவதையும் பிரித்தெடுக்கவில்லை. உலர்ந்து சுருங்கிய அணுக்களை அளந்தமையால் மேற்பரப்பின் கணக்கும் குறைந்துபோயிருந்தது. இரு பிழைகளும் ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொள்ள, முடிவு மட்டும் பழுதின்றி நின்றது. விஞ்ஞானத்திலும் அதிர்ஷ்டத்துக்குப் பங்கு இல்லாமலில்லை.

இரண்டு அடுக்காக அமைவதற்குக் காரணம் அக்கொழுப்பின் சுபாவமே. பாஸ்போலிப்பிட் எனப்படும் இம்மூலக்கூறின் தலை நீரை நாடும்; அதனின்று தொங்கும் இரு வால்களோ நீரை வெறுத்து ஒதுங்கும். ஆகவே உள்ளும் புறமும் நீர் நிறைந்த இடத்தில், தலைகள் இருபுறமும் நீரை நோக்க, வால்கள் நடுவே ஒன்றையொன்று நோக்கி ஒளிந்துகொள்ள, இரட்டைப் படலம் தானாகவே உண்டாகிவிடுகிறது. மூலக்கூறுகளைப் பிணைத்து வைக்கும் ரசாயனக் கட்டு எதுவும் இடையில் இல்லாமையால், ஒவ்வொன்றும் தன் அடுக்குக்குள்ளேயே ஓயாமல் இடம் மாறிக்கொண்டிருக்கும். 1970-ல் ஃப்ரை, எடிடின் என்போர் எலியின் உயிரணு ஒன்றையும் மனித உயிரணு ஒன்றையும் ஒன்றாக இணைத்து, இரண்டின் சவ்விலுமுள்ள புரதங்களுக்கும் வெவ்வேறு நிறச் சாயம் ஏற்றிப் பார்த்தார்கள். முதலில் பாதிக்குப் பாதியாகப் பிரிந்து தெரிந்த நிறங்கள், உடற்சூட்டில் ஏறத்தாழ 40 நிமிஷங்களுக்குள் முற்றும் கலந்துபோயின. திரவம் போன்ற கொழுப்பில் புரதங்கள் மிதந்து திரிகின்றன என்ற சித்தாந்தத்தை 1972-ல் சிங்கரும் நிக்கல்சனும் வெளியிட்டபோது அதை மறுப்பதற்கு அதிகம் பேர் இல்லை.

இனி, இந்த எல்லையைக் கடக்கும் விதம். பிராணவாயுவும் கரியமில வாயுவும் கொழுப்பினூடே தாமாகவே ஊடுருவிச் செல்லும். அவற்றுக்கு யார் தயவும் வேண்டியதில்லை. நீரோ மெதுவாகத்தான் கசியும். ஆயினும் சிவப்பணுவும் சிறுநீரகமும் நீரைக் கடத்தும் வேகத்துக்கு அந்தக் கசிவு போதாது. இதன் மர்மத்தை 1992-ல் அமெரிக்காவைச் சேர்ந்த பீட்டர் ஏக்ரே வெளிப்படுத்தினார். சிவப்பணுச் சவ்வில் அவர் தற்செயலாகக் கண்ட ஒரு புரதத்தைத் தவளை முட்டைகளில் உண்டாகச் செய்து, உப்புச் செறிவு குறைந்த நீரில் இட்டபோது, மற்ற முட்டைகள் அசையாமல் கிடக்க, அப்புரதமுள்ளவை சில நிமிஷங்களில் உப்பி வெடித்தன. நீர் மட்டுமே செல்லக்கூடிய அந்தக் குழாய்க்கு அக்வாபோரின் என்று பெயரிட்டார்கள். அது ஏக்ரேக்கு 2003-ல் நோபல் பரிசை வாங்கித் தந்தது.

மின்னூட்டம் கொண்ட சோடியம், பொட்டாசியம் ஆகியவற்றின் கதை வேறு. கொழுப்பு அவற்றை அண்டவிடாது. உயிரணுவோ சோடியத்தை வெளியிலும் பொட்டாசியத்தை உள்ளிலும் மிகுதியாக வைத்திருந்தாலன்றிப் பிழைக்காது. பள்ளத்துக் கிணற்றிலிருந்து மேட்டு நிலத்துக்கு ஏற்றம் இறைப்பதுபோல், குறைந்த இடத்திலிருந்து மிகுந்த இடத்துக்குப் பொருளை ஏற்ற உழைப்பு வேண்டும். அவ்வேலையைச் செய்யும் புரதத்தை டென்மார்க்கைச் சேர்ந்த யென்ஸ் ஸ்கோ, நண்டின் நரம்பில் ஆராய்ந்து 1957-ல் வெளியிட்டார். ஏ.டி.பி. என்னும் எரிபொருளின் ஒரு மூலக்கூறைச் செலவிட்டு மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுப்பது அதன் கிரமம். நாம் சும்மா படுத்திருக்கும்போது செலவழிக்கும் சக்தியில் கணிசமான பங்கு இந்த ஓயாத இறைப்புக்கே போய்விடுகிறது.

வீணான செலவென்று எண்ணிவிட வேண்டாம். வெளியே தள்ளப்பட்ட சோடியம் மீண்டும் உள்ளே வரத் தவித்து நிற்கிறது; குடலின் உயிரணுச் சவ்விலுள்ள ஒரு புரதம் அந்தத் தவிப்பைத் தனக்குச் சாதகமாக்கிக்கொண்டு, சோடியம் நுழையும்போதெல்லாம் குளுகோஸையும் கூடவே அழைத்து வருகிறது; இவ்விரண்டையும் தொடர்ந்து நீரும் செல்கிறது. காலராவின் விஷம் குடலிலிருந்து நீரைக் கொட்டச் செய்தாலும் இந்த இணை வாயிலை மூடுவதில்லை. உப்பைத் தனியே கரைத்துக் கொடுத்தால் பயனில்லாத இடத்தில், சர்க்கரையும் சேர்ந்தால் உயிர் பிழைப்பது இதனாலேயே. 1971-ல் வங்காளத்து பன்காவ் அகதி முகாமில், ரத்தக்குழாயில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மகாலனாபிஸ் இந்தக் கரைசலையே கொடுக்கச் செய்ய, மற்ற முகாம்களில் நூற்றுக்கு முப்பதுவரை சென்ற சாவு அங்கே 4-க்கும் கீழே இறங்கியது. ஆனால் சர்க்கரையை அள்ளிக் கொட்டினால் காரியம் கெடும்: அந்த வாயிலால் கடத்த முடியாமல் குடலில் தங்கும் சர்க்கரை, சவ்வின் வழியே நீரை எதிர்த் திசையில் இழுத்துப் பேதியை அதிகமாக்கும். தித்திப்பான சோடாவைப் பேதிக்காரருக்குக் கொடுக்கலாகாதென்று வைத்தியர்கள் சொல்வதும், அந்தக் கரைசலில் லிட்டருக்கு 20 கிராமாக இருந்த குளுகோஸை உலக சுகாதார நிறுவனம் 2002-ல் 13.5 கிராமாகக் குறைத்ததும் இக்காரணம் பற்றியே.