அலுமினியம் துருப்பிடிக்காது
(மலைக்குள் தொலைந்த போர் விமானங்களைத் தேடும் கதை)



ஒரு பழைய அலுமினியக் குண்டானை வீட்டுக்குப் பின்னால் போட்டுவிட்டால் என்ன ஆகும்? நம்ம ஊர் மழையில் நனைந்து, பாசி படர்ந்து, நசுங்கிப் போய்க் கிடக்கும். ஆனால் இரும்புக் கத்தி மாதிரி துருப்பிடித்து உதிர்ந்து போகாது. விமானத்தின் உடம்பும் இறக்கையும் பெரும்பாலும் அலுமினியக் கலவைதான். இந்த ஒரு குணத்தால்தான், இரண்டாம் உலகப் போரில் காட்டுக்குள் விழுந்த விமானங்கள் 80 வருடம் கழித்தும் கிடைக்கின்றன.

எங்கே கிடைக்கின்றன என்றால், நம்ம நாட்டிலேயே, அருணாசலப் பிரதேச மலைகளில்!

1942 ஏப்ரல் கடைசியில் ஜப்பான் படை பர்மாவில் லாஷியோ என்ற ஊரைப் பிடித்துவிட்டது. சீனாவுக்குச் சாமான் போய்க்கொண்டிருந்த பர்மா ரோடு அடைபட்டுப் போனது. ரோடு இல்லையென்றால் ஆகாயம்தானே? அதனால் அமெரிக்கர்கள் அசாமிலிருந்து சீனாவின் குன்மிங் நகரம் வரை சுமார் 800 கிலோமீட்டர் விமானத்திலேயே பெட்ரோல், குண்டு, மருந்து எல்லாம் ஏற்றி அனுப்பினார்கள். நடுவில் இமயமலையின் கிழக்குக் கோடி. அந்த மலைக்கு விமானிகள் வைத்த பெயர் 'ஹம்ப்', அதாவது ஒட்டகத்தின் திமில்.

அசாமில் இதற்காக இருந்த விமான தளங்களில் ஒன்று சாபுவா. இதைப் படித்ததும் எனக்கு ஆச்சரியமாகிவிட்டது. ஏனென்றால் அது தேயிலைத் தோட்டம் இருந்த இடம். 'சா' என்றால் தேயிலை, 'புவா' என்றால் நட்டது. அசாமில் முதன்முதலில் தேயிலை போட்ட இடங்களில் ஒன்று என்பதால் அந்தப் பெயர். கொழுந்து பறித்த பூமியில் விமானம் ஓட ரன்வே போட்டார்கள். இன்றைக்கும் அங்கே நம் இந்திய விமானப்படையின் தளம் இருக்கிறது.

1942 முதல் 1945 வரை இந்தத் திமிலைத் தாண்டிப் போன சாமான் சுமார் ஆறரை லட்சம் டன். அதற்குக் கொடுத்த விலை 590-க்கும் மேற்பட்ட விமானங்கள், 1,600-க்கும் மேற்பட்ட உயிர்கள். வானம் தெளிவாக இருக்கும் நாளில், கீழே மலையில் பளபளவென்று மின்னும் உடைந்த விமானங்களைப் பார்த்தே வழி கண்டுபிடிக்கலாம் என்று விமானிகள் சொல்வார்களாம். அதனால் அந்தப் பாதைக்கு 'அலுமினியப் பாதை' என்று இன்னொரு பெயரும் உண்டு. கேட்கவே ஒரு மாதிரி இருக்கிறது இல்லையா?

ஏன் இவ்வளவு விமானம் விழுந்தது? எதிரி சுட்டு விழுந்ததை விட வானிலையால் விழுந்ததுதான் அதிகம். மேகத்துக்குள் போகும்போது இறக்கையின் மேல் பனிக்கட்டி பிடிக்கும். பனி பிடித்தால் எடை கூடும் என்பது மட்டும் இல்லை, இறக்கையின் வடிவமே மாறிவிடும். வடிவம் மாறினால் காற்று அதைத் தூக்காது. கூடவே பலமான காற்று வேறு விமானத்தைப் பாதையை விட்டுத் தள்ளிக்கொண்டு போகும். கையில் இருந்த மேப்பும் சரியில்லை. பனிமூட்டத்தில் மலை எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரியும்?

பனிமூட்டத்தைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. லைட் போட்டுக்கொண்டு வரும் பஸ்ஸே பக்கத்தில் வந்த பிறகுதான் தெரியும். 2021 டிசம்பர் 8-ஆம் தேதி சூலூரிலிருந்து வெலிங்டனுக்கு வந்த ராணுவ ஹெலிகாப்டர் குன்னூர் நஞ்சப்பசத்திரத்தில் விழுந்ததும் இப்படி ஒரு மேகத்துக்குள் நுழைந்த பிறகுதான். முப்படைத் தளபதி பிபின் ராவத் உட்பட அதில் வந்த 14 பேரும் இறந்து போனார்கள். அங்கே முதலில் ஓடிப்போனது பக்கத்து வீட்டு ஜனங்கள். வீட்டிலிருந்த கம்பளியையும் போர்வையையும் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். அங்கே வீடுகள் இருந்தன, ஓடி வர ஆள் இருந்தது. அருணாசலத்தின் மலை உச்சியில் 1944-ல் யார் ஓடி வருவார்கள்?

சரி, தேடுவது எப்படி என்று பார்ப்போம். மேலிருந்து பார்த்தால் தெரியாது. மரமும் மூங்கிலும் கொடியும் எல்லாவற்றையும் மூடிவிட்டன. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தைச் சேர்ந்த கிளேட்டன் கூல்ஸ் என்பவர் இருபது வருடத்துக்கும் மேலாக இந்த வேலையைச் செய்திருக்கிறார். 20-க்கும் மேற்பட்ட விமானங்களைக் கண்டுபிடித்திருக்கிறார். அவருடைய வழி என்ன தெரியுமா? கிராமத்துக்குப் போய் வேட்டைக்காரர்களிடம் விசாரிப்பதுதான்! நம்ம பக்கம் காட்டுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டுமென்றால் தேன் எடுக்கப் போகும் குறும்பர்களைக் கேட்போம் இல்லையா, அதே மாதிரிதான். தாத்தா காலத்தில் பார்த்த தகடு, அதை வெட்டி எடுத்துச் செய்த பாத்திரம், கத்தி உறை என்று ஊரில் எங்கேயாவது ஒரு தடயம் இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு பல நாள் நடக்க வேண்டும்.

விமானத்தைப் பார்த்துவிட்டால் மட்டும் போதாது, எந்த விமானம் என்று தெரிய வேண்டும். அதற்கு வால் பகுதியிலும் இன்ஜினிலும் இருக்கும் நம்பரைத் தேடுவார்கள். நாம் பரீட்சையில் எழுதும் பதிவு எண் மாதிரி ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு எண் உண்டு. போர்க்காலத்தில் காணாமல் போன ஒவ்வொரு விமானத்துக்கும் அமெரிக்க ராணுவம் ஒரு அறிக்கை எழுதி வைத்திருக்கிறது. எங்கே கிளம்பியது, கடைசியாக எங்கே பார்த்தார்கள், யார் யார் இருந்தார்கள் என்றெல்லாம் அதில் இருக்கும். நம்பர் ஒத்துப்போனால் பெயர்கள் கிடைத்துவிடும்.

அப்படிக் கிடைத்ததுதான் 'ஹாட் அஸ் ஹெல்' என்ற பி-24 குண்டுவீச்சு விமானம். அந்தப் பெயருக்கு 'நரகம் மாதிரி சூடு' என்று அர்த்தமாம். ஆனால் அது கிடந்தது குளிர் நடுக்கும் மலையில்! 1944 ஜனவரி 25-ஆம் தேதி குன்மிங்கிலிருந்து சாபுவாவுக்கு வரும் வழியில் 8 பேரோடு காணாமல் போனது. 2006-ல் தம்ரோ கிராமத்துக்குப் பக்கத்து மலையில் கூல்ஸ் கண்டுபிடித்தார். ஆனால் எலும்புகளைத் தனி ஆள் எடுக்கக் கூடாது, அமெரிக்க அரசின் குழுதான் வந்து தோண்ட வேண்டும். சீன எல்லைப் பகுதி என்பதால் அனுமதி சுலபமாகக் கிடைக்கவில்லை. 2015-ல்தான் வேலை ஒழுங்காக நடந்தது. கிடைத்ததை டி.என்.ஏ. சோதனை செய்து, ராபர்ட் ஆக்ஸ்ஃபோர்டு என்ற 24 வயது வீரர் என்று உறுதி செய்தார்கள். 2017 ஜூன் மாதம் சொந்த ஊரில் அவரை அடக்கம் செய்தார்கள். 73 வருடம் கழித்து! அவரோடு போன மற்றவர்கள்? அவர்கள் வீட்டுக்கு அப்போது விமானம் கிடைத்த செய்தி மட்டும்தான் போயிருந்தது.

இன்னொரு விமானம் சி-46. 1945 ஜனவரியில் 13 பேரோடு காணாமல் போனது. அதில் போன ஒரு அதிகாரியின் மகனுக்கு அப்போது வயது 13 மாதம். அந்தக் குழந்தை வளர்ந்து கிழவராகி, அப்பா எங்கே விழுந்தார் என்றாவது தெரிய வேண்டும் என்று கூல்ஸிடம் கேட்டார். லிசு இனத்து வழிகாட்டிகள் முன்னால் நடக்க, நெஞ்சளவு தண்ணீரில் ஆறுகளைக் கடந்து, 2021 டிசம்பரில் பனி மூடிய உச்சியில் அதைக் கண்டுபிடித்தார்கள். வால் நம்பர் ஒத்துப்போனது. உடல்கள் எதுவும் இல்லை.

ஆனால் அதற்கு முன்பு, 2018 செப்டம்பரில், இதே விமானத்தைத் தேடிப் போனபோது பனிப்புயலில் மாட்டிக் குளிரிலேயே மூன்று வழிகாட்டிகள் இறந்து போனார்கள். நான் படித்த செய்தியில் விமானத்தின் கதை விவரமாக இருந்தது, அந்த மூன்று பேரின் பெயர் இல்லை. எனக்கு இது சரியாகப் படவில்லை. செத்துப்போனவரைத் தேட உயிரோடு இருப்பவர் சாக வேண்டுமா என்று கேட்டால், அந்த மகனின் ஆசையும் நியாயம்தானே என்று தோன்றுகிறது. ஆனாலும் பெயராவது போட்டிருக்கலாம். 1942-ல் பர்மாவிலிருந்து உயிர் பிழைக்க நடந்தே வந்த நம் தமிழ் ஜனங்களும் எல்லைக் காடுகளில் எத்தனையோ பேர் விழுந்து கிடந்தார்கள். அவர்களுக்கு வால் நம்பரும் கிடையாது, அறிக்கையும் கிடையாது.

உடையாமல் முழுசாகக் கிடைத்த விமானமே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. 1942-ல் கிரீன்லாந்து பனியில் இறங்கிய ஒரு பி-38 விமானத்தை 1992-ல் சுமார் 80 மீட்டர் ஆழத்திலிருந்து துண்டு துண்டாக எடுத்து, சேர்த்து, 2002-ல் பறக்கவே விட்டார்கள். அது மெதுவாகப் பனியில் இறங்கியது, அதனால் தப்பித்தது. நம்ம மலையில் விழுந்தவை பாறையில் மோதியவை. பி-24 முழுசாகப் பார்க்க வேண்டுமென்றால் டெல்லி பாலத்தில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். போர் முடிந்ததும் கான்பூரில் பிரிட்டிஷ்காரர்கள் உடைத்துப் போட்டுவிட்டுப் போன பி-24 விமானங்களை, நம்ம பக்கத்து ஊர் பெங்களூரில் உள்ள எச்.ஏ.எல். கம்பெனி சரிசெய்து கொடுத்தது. நம் விமானப்படை அவற்றை 1968 வரை ஓட்டியது. லண்டன் அருங்காட்சியகத்தில் நிற்கும் பி-24 கூட இங்கிருந்து போனதுதான்!

மலையில் கிடைத்த விமானப் பாகங்களை வைத்து அருணாசலத்தின் பாசிகாட் நகரில் 2023 நவம்பர் 29-ஆம் தேதி ஒரு அருங்காட்சியகம் திறந்திருக்கிறார்கள். சமூக அறிவியல் டீச்சரிடம் அட்லஸ் கேட்டு வாங்கி பாசிகாட், குன்மிங் இரண்டையும் தேடிப் பாருங்கள். சாபுவா சின்ன ஊர், அட்லஸில் இருக்காது. திப்ருகர் என்று போட்டிருக்கும் இடத்துக்குக் கொஞ்சம் கிழக்கே விரலை வையுங்கள்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி