கறுப்பு வயரிலிருந்து தொடங்குங்கள்

இரவில் லைட் சுவிட்சைப் போட்டதும் பெட்ரோல் மீட்டரின் முள் மெதுவாக இறங்குகிறது. பிரேக்கை மிதித்தபடியே இருந்தால் இன்னும் கொஞ்சம் இறங்குகிறது. விளக்கை அணைத்துவிட்டால் பழைய இடத்துக்கே திரும்பிவிடுகிறது. டேங்கில் இருந்த பெட்ரோல் அப்படியேதான் இருக்கிறது. அறுபதுகளின் பிரிட்டிஷ் கார் வைத்திருப்பவர்கள் இதை அடிக்கடி பார்த்திருப்பார்கள். மீட்டர் கெட்டுவிட்டதென்று புதிது வாங்கி மாட்டியவர்களும் உண்டு. புது மீட்டரிலும் முள் இறங்கும். ஏனென்றால் கோளாறு டாஷ்போர்டில் இல்லை. வண்டியின் பின்கோடியில் ஒரு திருகுக்கு அடியில் இருக்கிறது.

வீட்டில் ஒரு விளக்குக்கு இரண்டு வயர் இழுக்கிறோம். காரில் கரண்ட் போவதற்கு மட்டும்தான் வயர். திரும்பி வருவதற்கு வண்டியின் இரும்பு உடம்பே வழி. விளக்கோ மீட்டரோ எதுவானாலும் அதிலிருந்து ஒரு குட்டையான கறுப்பு வயர் பக்கத்துத் தகட்டில் திருகப்பட்டிருக்கும். அதுதான் எர்த். பல கார்களில் பின்விளக்குகளின் எர்த்தும் பெட்ரோல் டேங்க் யூனிட்டின் எர்த்தும் டிக்கிக்குள் ஒரே திருகில் வந்து சேரும். அந்தத் திருகின் அடியில் துரு ஏறிவிட்டால் பின்விளக்குகளின் கரண்ட் அந்த இடத்தைக் கடப்பதற்கே அரை வோல்ட், ஒரு வோல்ட் செலவாகிவிடும். அந்த அளவுக்கு டேங்க் யூனிட்டின் பங்கு குறையும். மீட்டருக்குள் ஓடும் கரண்ட் குறைந்து முள் இறங்கும். பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் இன்னும் இறங்கும். திருகைக் கழற்றி, தகட்டையும் வளையத்தையும் உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, கொஞ்சம் வாசலின் தடவித் திரும்ப முடுக்கினால் வேலை முடிந்தது. செலவு ஒன்றும் இல்லை.

பழைய காரின் டாஷ்போர்டில் நடக்கும் விசித்திரங்களில் பெரும்பாலானவை இந்த இனத்தைச் சேர்ந்தவை. உடைந்த பொருள் குறைவு, தடைப்பட்ட பாதை அதிகம். எம்ஜிபி என்ற காரை வைத்து இதைப் பார்க்கலாம். இங்கிலாந்தின் அபிங்டன் ஊரில் 1962 முதல் 1980 வரை 5 லட்சத்துக்கும் மேல் தயாரான ஸ்போர்ட்ஸ் கார் அது. இன்றும் ஏராளமாக ஓடுகிறது, உதிரி பாகங்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. மீட்டர்கள் ஸ்மித்ஸ் நிறுவனத்தின் தயாரிப்பு. மின்சாமான்கள் பர்மிங்ஹாமின் லூகாஸ். அதே லூகாஸ் 1961-இல் டிவிஎஸ் குழுமத்துடன் கைகோத்துச் சென்னையில் தொடங்கியதுதான் பாடியில் இருக்கும் லூகாஸ்-டிவிஎஸ். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வழிவந்த அம்பாசிடரில் வயரிங் பார்த்துப் பழகிய கைகளுக்கு எம்ஜிபியின் டாஷ்போர்டுக்குப் பின்னால் இருப்பது அந்நியமாகத் தெரியாது.

லூகாஸுக்கு மேல்நாட்டுக் கார்ப் பிரியர்கள் ‘இருளின் இளவரசன்’ என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். இது அநியாயம் என்பது என் கருத்து. அரை நூற்றாண்டு மழையும் பனியும் பட்ட வண்டியில், இடையில் வந்த சொந்தக்காரர்கள் ஒவ்வொருவரும் ரேடியோவுக்கும் ஃபாக் லைட்டுக்கும் கிடைத்த வயரை அறுத்து முறுக்கி டேப் சுற்றிய பிறகு, பழியை மட்டும் முதலில் செய்தவன் மேல் போடுவது சரியல்ல. ஒட்டுவேலை எல்லாவற்றையும் அகற்றிவிட்டுப் பார்த்தால் அடியில் இருக்கும் அசல் வயரிங் தெளிவானது, ஒழுங்கானது.

அந்த ஒழுங்கு நிறங்களில் இருக்கிறது. பழுப்பு வயர் பேட்டரியிலிருந்து நேராக வருவது. அதற்கு ஃபியூஸ் கிடையாது, எந்நேரமும் கரண்ட் இருக்கும். வெள்ளை வயருக்குச் சாவியைத் திருப்பினால்தான் கரண்ட் வரும். அது ஃபியூஸைத் தாண்டியதும் பச்சையாகிறது. வைப்பர், இண்டிகேட்டர், பெட்ரோல் மீட்டர் எல்லாம் பச்சைக் குடும்பம். ஊதா என்றால் ஃபியூஸ் உண்டு, ஆனால் சாவி தேவையில்லை. ஹார்ன் அதில்தான் அடிக்கும். சிவப்பு பார்க்கிங் விளக்குகளுக்கு, நீலம் ஹெட்லைட்டுக்கு. நீலத்தில் வெள்ளைக் கோடு ஓடினால் ஹை பீம், சிவப்புக் கோடு ஓடினால் டிப். கறுப்பு எர்த். பச்சையில் கறுப்புக் கோடு போட்ட வயரைப் பார்த்தால், அது டேங்க் யூனிட்டுக்குப் போகிறது என்று பிடிக்கு எட்டாத இடத்திலும் சொல்லிவிடலாம். இதை மனப்பாடம் செய்தவருக்கு வரைபடம் பாதி தேவையில்லை. அதனால்தான் புது வயர் போடும்போது கையில் கிடைத்த நிறத்தைப் போடாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். சரியான நிறத்தில் இன்றும் மீட்டர் கணக்கில் வயர் கிடைக்கிறது. தவறான நிறத்தில் போட்ட ஒரு வயர் அடுத்து வருபவரை மணிக்கணக்கில் அலைய வைக்கும்.

பழுப்பு வயருக்கு ஃபியூஸ் இல்லை என்றேன். டாஷ்போர்டுக்குள் ஸ்க்ரூடிரைவர் தவறிப் பழுப்பிலும் தகட்டிலும் ஒருசேரப் பட்டால், எரிந்து போக ஃபியூஸ் இல்லாததால் வயரே உருகிப் புகையும். ஆகவே முதல் வேலை பேட்டரியின் எர்த் கேபிளைக் கழற்றுவது. இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 1967-இன் பிற்பகுதி வரை வந்த எம்ஜிபிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் உடம்போடு சேர்ந்திருக்கும், நெகட்டிவ் அல்ல. இருக்கைகளுக்குப் பின்னால், மூடிக்கு அடியில் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். எது எர்த் என்று பார்க்காமல் இந்தக் காலத்து ரேடியோவையோ போன் சார்ஜரையோ மாட்டினால் அந்தக் கணமே அது கருகும்.

ஃபியூஸிலும் இப்படி ஒரு பொறி உண்டு. லூகாஸ் கண்ணாடி ஃபியூஸில் 35 ஆம்பியர் என்று எழுதியிருந்தால் 35-இல் அது எரிந்துபோகும் என்று பொருள். தொடர்ந்து தாங்குவது 17 ஆம்பியர்தான். அமெரிக்கக் கண்ணாடி ஃபியூஸில் எழுதியிருப்பதோ தொடர்ந்து தாங்கும் அளவு. எண் பொருந்துகிறதே என்று அமெரிக்க 35-ஐப் போட்டால் வயருக்குக் கிடைக்கவேண்டிய பாதுகாப்பில் பாதி போய்விடும். பெட்டியில் 17 என்று எழுதியிருப்பதே அங்கே சரியான மாற்று.

வயர்கள் ஒன்றோடொன்று சேரும் இடங்களில் லூகாஸ் ‘புல்லட்’ இணைப்புகளைப் பயன்படுத்தியது. வயர் நுனியில் துப்பாக்கிக் குண்டு வடிவில் ஒரு சிறு பித்தளை முனை, இரண்டு முனைகளையும் கவ்விப் பிடிக்க உள்ளே உலோகக் குழாய், வெளியே கறுப்பு ரப்பர் உறை. உறையைப் பிதுக்கி முனையை வெளியே இழுத்தால் பெரும்பாலும் பச்சை படிந்தோ, தேநீர் நிறத்தில் மங்கியோ இருக்கும். குழாயின் வாய் தளர்ந்து அகன்றிருக்கும். மல்டிமீட்டரை வைத்து வோல்ட் மட்டும் பார்த்தால் 12 காட்டும், எல்லாம் சரி என்று தோன்றும். அது ஏமாற்று. கரண்ட் ஓடாதபோது மோசமான இணைப்பும் முழு வோல்ட்டைக் காட்டும். விளக்கை எரியவிட்டு, இணைப்பின் இந்தப் பக்கம் ஒரு முனை, அந்தப் பக்கம் ஒரு முனை வைத்து அளக்க வேண்டும். நல்ல இணைப்பில் கிட்டத்தட்ட பூஜ்யம் வரும். அரை வோல்ட்டைத் தாண்டினால் அந்த இணைப்பைச் சுத்தம் செய்ய வேண்டும், இல்லை மாற்ற வேண்டும். எர்த்தையும் இதே முறையில் சோதிக்கலாம். பழைய கார் வயரிங்கில் ஒரே ஒரு உத்தி கற்றுக்கொள்ள நேரம் இருப்பவர் இதைக் கற்றுக்கொள்ளட்டும்.

மீட்டர்களுக்கு வருவோம். 60-களின் நடுவிலிருந்து எம்ஜிபியில் வந்த பெட்ரோல் மீட்டருக்குள் இரண்டு உலோகங்கள் ஒட்டிய ஒரு மெல்லிய பட்டையும் அதைச் சுற்றிச் சூடேற்றும் கம்பிச்சுருளும் இருக்கின்றன. டேங்க் நிறைந்திருந்தால் அதிகக் கரண்ட் ஓடிப் பட்டை அதிகம் வளையும், முள் ஏறும். சூடாகி வளைவதால் முள் மெதுவாகத்தான் நகரும். வண்டி குலுங்கிப் பெட்ரோல் தளும்பினாலும் முள் ஆடாது. ஆனால் பேட்டரி வோல்ட் ஏறி இறங்கினால் அளவு தவறிவிடும் என்பதால் இதற்கு முன்னால் ஸ்டெபிலைசர் என்று ஒரு தீப்பெட்டி அளவுத் தகரப் பெட்டி இருக்கிறது. அதற்குள்ளும் இதே பட்டை, இதே சுருள். இஸ்திரிப்பெட்டியின் தெர்மோஸ்டாட்டைப் போலச் சூடானதும் தொடர்பை விடும், ஆறியதும் பிடிக்கும். விட்டு விட்டுப் பிடிப்பதில் சராசரியாக 10 வோல்ட் வெளியே போகிறது. மல்டிமீட்டரில் பார்த்தால் 12-க்கும் பூஜ்யத்துக்கும் எகிறிக் குதிக்கும். கெட்டுவிட்டதென்று தூக்கி எறிந்துவிடாதீர்கள், அது ஒழுங்காக வேலை செய்வதன் அடையாளமே அதுதான்.

இந்தப் பெட்டிக்கும் எர்த் வேண்டும், அதைப் பிடித்திருக்கும் திருகு வழியாகவே கிடைக்கிறது. திருகு துருப்பிடித்தால் உள்ளே சுருள் சூடாகாது, தொடர்பு விடாது, முழு பேட்டரி வோல்ட்டும் மீட்டருக்குப் போய் முள் எப்போதும் மிகையாகக் காட்டும். பாதி டேங்கை முக்கால் என்று நம்பி நெடுஞ்சாலையில் நின்றுபோவது இப்படித்தான். உண்மையிலேயே பெட்டி கெட்டிருந்தால் 10 வோல்ட் ரெகுலேட்டர் ஐசி வைத்த மாற்று கிடைக்கிறது. பாசிட்டிவ் எர்த்துக்கும் நெகட்டிவ் எர்த்துக்கும் வெவ்வேறு ஐசி, பார்த்து வாங்க வேண்டும்.

ஆர்பிஎம் மீட்டர் 60-களின் பல கார்களில் வேறு வகை. இக்னிஷன் காயிலுக்குப் போகும் வெள்ளை வயரே மீட்டரின் முதுகில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போகிறது. காயிலின் ஒவ்வொரு துடிப்பையும் அந்தச் சுற்றிலிருந்து மீட்டர் எண்ணுகிறது. அந்த வயர் தளர்ந்தால் முள் மட்டும் நிற்காது, இன்ஜினே நின்றுவிடும். ஓட்டத்தில் திடீரென்று இன்ஜின் வெட்டினால் கார்புரேட்டரைப் பிரிப்பதற்கு முன் டாஷ்போர்டுக்குப் பின்னால் கையை விட்டு அந்த வயரை அசைத்துப் பாருங்கள்.

ஸ்பீடோமீட்டருக்கு மின்சாரமே கிடையாது. கியர்பாக்ஸிலிருந்து வரும் கேபிள் ஒரு காந்தத்தைச் சுற்றுகிறது. அதைச் சூழ்ந்திருக்கும் அலுமினியக் கிண்ணத்தில் சுழல் மின்னோட்டம் எழுந்து கிண்ணத்தை இழுக்கிறது. மயிரிழை போன்ற ஸ்பிரிங் அதை எதிர்த்துப் பிடிக்கிறது. ஜெர்மானியர் ஓட்டோ ஷூல்ட்ஸே 1902-இல் காப்புரிமை பெற்ற தத்துவம் இது. முள் நடுங்கினால் கேபிள் எங்கோ மடிந்திருக்கிறது அல்லது காய்ந்திருக்கிறது. கிரீஸ் போடும்போது மீட்டர் பக்கத்து ஒரு சாணை விட்டுவிட வேண்டும். சுற்றும்போது கிரீஸ் மேலேறிக் கிண்ணத்துக்குள் போனால் பிறகு நிபுணரிடம்தான் அனுப்ப வேண்டியிருக்கும்.

ஆரம்பகால எம்ஜிபியில் தண்ணீர் வெப்பத்தையும் ஆயில் அழுத்தத்தையும் காட்டும் இரட்டை மீட்டரிலும் மின்சாரம் இல்லை. ஒரு பக்கம் ஈதர் அடைத்த நூல் போன்ற செப்புக்குழாய். அது ஒடிந்தால் அந்தப் பாதி செத்தது. மறுபக்கம் இன்ஜின் ஆயிலே ஒரு மெல்லிய குழாய் வழியாக டாஷ்போர்டு வரை வருகிறது. எல்லாவற்றையும் ஒரே இழுப்பில் வெளியே எடுக்க நினைப்பவர்கள் இந்த மீட்டரில்தான் வருந்துவார்கள்.

1967 வரையிலான எம்ஜிபியின் டாஷ்போர்டு இரும்புத் தகடு, மேலே சுருக்கம் சுருக்கமான கறுப்புப் பெயின்ட். மேல்தோல் முதலில் காய்ந்து, அடியில் உள்ளது பிறகு காயும்படி செய்த பெயின்ட் அது. அதனால்தான் சுருங்குகிறது. இன்றும் ஸ்பிரே டப்பாவில் கிடைக்கிறது. கனமாக அடித்து, மிதமான சூடு காட்ட வேண்டும். மெல்லிதாக அடித்தால் வழவழப்பாகவே நின்றுவிடும். 1968 முதல் அமெரிக்காவுக்குப் போன வண்டிகளில் பாதுகாப்புச் சட்டத்துக்காகத் தடித்த நுரை வைத்த வினைல் டாஷ்போர்டு வந்தது. வெயிலில் வினைலை மென்மையாக வைத்திருக்கும் எண்ணெய்ப் பொருள் ஆவியாகிப் போய்விடுவதால் இவை வெடிக்கின்றன. மேலே ஒரு பிளாஸ்டிக் மூடி ஒட்டுவது மலிவு. ஆனால் விரிசலைச் செதுக்கி நுரை நிரப்பிப் புதுத் தோல் போர்த்துவதே எனக்குச் சரியாகப் படுகிறது, மூடிக்கு அடியில் விரிசல் வளர்ந்துகொண்டேதான் இருக்கும்.

உட்புற வேலையில் எல்லோருக்கும் முதலில் கண்ணில் படுவது இருக்கைகள். ஆனால் தொடங்க வேண்டியது தரையில். கார்ப்பெட்டைத் தூக்கி அடியில் இருக்கும் ஃபெல்ட்டைக் கையால் அழுத்திப் பாருங்கள். ஈரம் கசிந்தால் பாலிஷும் புதுக் கார்ப்பெட்டும் வீண். எம்ஜிபியில் முன்கண்ணாடிக்குக் கீழே காற்று வாங்கும் ஜாலி இருக்கிறது. அதில் விழும் மழைநீர் வடிய ஒரு ரப்பர் குழாய் உண்டு. இலைதழை அடைத்துக்கொண்டால் தண்ணீர் ஹீட்டர் வழியாக வழிந்து கால் வைக்கும் இடத்தில் இறங்கும். தரைத்தகடு துருப்பிடிப்பதும், புல்லட் இணைப்புகள் பச்சை பூப்பதும் அதே ஈரத்தால்தான். குழாயில் கம்பி விட்டு அடைப்பெடுத்து, ஹோஸ் பைப்பால் கண்ணாடி மேல் தண்ணீர் அடித்து உள்ளே ஒழுகுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மற்றவை. பிறகு துருவுக்கு வெல்டிங், அதன்பின் வயரிங், அதற்கும் பிறகு கார்ப்பெட், கடைசியில் இருக்கை. இந்த வரிசையை மாற்றியவர்கள் புதுக் கார்ப்பெட்டை வெல்டிங் பொறிக்குப் பலி கொடுத்திருக்கிறார்கள்.

ஆரம்பகால இருக்கைகளில் உடம்பு படும் பக்கம் தோல், ஓரங்கள் வினைல். உட்கார்ந்தால் பள்ளத்தில் விழுவது போலிருந்தால் தோலைக் குறை சொல்ல வேண்டாம். அடியில் இழுத்துக் கட்டிய ரப்பர் பட்டைகள் தளர்ந்திருக்கும். அவற்றை மட்டும் மாற்றினாலே பழைய தோல் இன்னும் பல வருடம் தாங்கும். சுருக்கங்களும் நிறம் மங்கிய இடங்களும் இருக்கட்டுமே என்பேன். ஒருமுறை கிழித்து எறிந்த அசல் தோலைத் திரும்பப் பெற முடியாது.

எல்லாம் மாட்டி முடித்த பிறகு பேட்டரியை உடனே இணைக்க வேண்டாம். கழற்றிய எர்த் கேபிளுக்கும் பேட்டரி முனைக்கும் நடுவில் 21 வாட் பல்பு ஒன்றை வைத்துப் பாருங்கள். சாவி திருப்பாமல், எல்லா சுவிட்சும் அணைந்திருக்கும்போது பல்பு எரியக்கூடாது. பளிச்சென்று எரிந்தால் எங்கோ ஷார்ட் இருக்கிறது, பல்பு கரண்டை மட்டுப்படுத்துவதால் வயர் புகையாது. அப்படியே விட்டுவிட்டு ஒவ்வோர் இணைப்பாகக் கழற்றிக்கொண்டு வாருங்கள். எதைக் கழற்றியதும் பல்பு அணைகிறதோ, கோளாறு அந்த வயரில் இருக்கிறது.