தோளா, எண்ணெயா, கதிரவனா?

"வாய்க்காலிலே தண்ணீர் ஓடுகிறதே, வயல் ஏன் காய்கிறது?" என்று கேட்கிறார் நகரத்து நண்பர். தண்ணீர் பள்ளத்திலே, வயல் மேட்டிலே! பள்ளத்து நீரை மேட்டுக்கு ஏற்ற வலிவு வேண்டும். அந்த வலிவு எவரிடம் இருக்கிறதோ, அவரிடமே விளைச்சலும் இருக்கிறது.

அன்று அந்த வலிவு உழைப்பாளியின் தோளிலே இருந்தது. இறைகூடைக் கயிற்றைப் பிடித்து இருவர் இறைத்தனர். ஏற்றத்தின் துலாமீது ஏறி இறங்கி, கால் கடுக்க நடந்தனர். நாள் முழுதும் உழைக்கும் மனிதன் தரும் ஆற்றல் ஏறத்தாழ 75 வாட். ஒரு குதிரைத்திறனோ 746 வாட். கணக்குப் போடுங்கள், தோழர்களே! 5 குதிரைத்திறன் மோட்டார் ஒன்று, ஏறத்தாழ 50 பேரின் முதுகை நிமிர்த்துகிறது!

1930களிலே பைக்காராவும் மேட்டூரும் மின்சாரம் தந்தன. கோவைப் பட்டறைத் தொழிலாளி வார்த்துக் கடைந்த பம்பு, கழனிக்கு வந்தது. 1989இல் அமைந்த கலைஞர் அரசு, உழவர்க்கெல்லாம் கட்டணமில்லா மின்சாரம் தந்தது. கம்பி சென்ற இடமெல்லாம் கதிர் முற்றியது.

கம்பி செல்லாத கரைகள்? அங்கேதான் சிக்கல்! கரைமீது அமரும் பம்பு, எத்தனை குதிரைத்திறன் உடையதாயினும், ஏறத்தாழ 7 மீட்டர் பள்ளத்துக்குக் கீழிருந்து நீரை உறிஞ்சாது. காற்றின் அழுத்தம் தூக்கிவிடும் அளவு அவ்வளவுதான். ஆகவே பம்பு தண்ணீரை நாடிப் போகவேண்டும். அதை ஓட்டும் சக்தியும் உடன் போகவேண்டும். கம்பி இல்லையேல் டீசல் எஞ்சின். எண்ணெய் விலை ஏற ஏற, உழவன் நிலை இறங்குகிறது!

இன்று வந்திருக்கிறது சூரியத் தகடு. எண்ணெய் கேட்காது; கம்பி கேட்காது. நள்ளிரவிலே மின்சாரத்துக்காகக் கண்விழித்து, பாம்பு நெளியும் வரப்பிலே விளக்கோடு நடக்கும் கொடுமையும் இல்லை. மேகம் மூடினால் நீர் குறையும், உண்மை. வெயிலுள்ளபோதே மேட்டுத் தொட்டியில் நிரப்பி வைத்தால், அந்தக் குறையும் பெரிதல்ல.

பெருங்குறை வேறு: கதிரவன் கட்டணம் கேட்பதில்லை, தகடு கேட்கிறது! ஒன்றிய அரசு 2019இல் தொடங்கிய குசும் திட்டம், ஒன்றிய அரசு 30 விழுக்காடு, மாநில அரசு 30 விழுக்காடு என்று வகுத்தது. மிச்சம் 40? ஒரு ஏக்கர்க்காரன் எங்கே போவான்? மாநிலம் கூடுதலாகத் தரும் இடத்திலே சுமை குறைகிறது; ஆனால் மறைவதில்லை.

ஆகவே நாம் சொல்கிறோம்: தனித்தனியே வாங்க முடியாதவர் பத்துப்பேர் சேரட்டும். ஒரு கரை, ஒரு பம்பு, முறை வைத்துப் பாசனம். அந்தப் பத்துப்பேரின் பங்கை அரசு ஏற்கட்டும். ஞாயிறு அனைவர்க்கும் பொது. அதன் ஆற்றல்மட்டும் பணமுள்ளவனுக்கு என்பது, என்ன நியாயம்?