தேநீர் கற்றுத்தரும் பணிவு

1942 ஏப்ரல் 9ஆம் திகதி காலை, ஜப்பானியக் கடற்படை விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தின் மீதும் சீனக்குடாவின் மீதும் குண்டுகளைப் பொழிந்தன. அதற்கு மறு வருடம் அதே கடற்படையில் சேர்க்கப்பட்ட மாணவர் ஒருவர், பின்னர் தற்கொலைத் தாக்குதல் பிரிவில் விமானியாகப் பயிற்சி பெற்றார். போரில் உயிர் தப்பிய அவரே சென் கென்ஷிட்சு. 1964 முதல் 2002 வரை உரசென்கே என்னும் தேநீர் மரபின் 15ஆவது தலைவராக விளங்கிய அவர், ஒரு கிண்ணத் தேநீரால் சமாதானத்தை வளர்க்கலாம் என்பதையே உலகெங்கும் எடுத்துரைத்தார். 2025 ஆகஸ்ட்டில் தமது 102ஆவது வயதில் காலமானார்.

குண்டுகளைச் சுமக்கப் பழகிய கரங்கள் தேநீர்க் கிண்ணத்தை ஏந்தியது எவ்வாறு?

எமக்குத் தேயிலை ஒரு ஏற்றுமதிப் பண்டம். ஜப்பானியருக்கோ அது 'சதோ', அதாவது தேநீர் நெறி. அந்நெறியைச் செம்மைப்படுத்திய சென் நோ ரிக்கியூ (1522-1591) சக்காய் என்ற துறைமுக நகரின் வணிகர் குடும்பத்தில் பிறந்தவர். உள்நாட்டுப் போர்கள் நாட்டைச் சிதைத்த காலம் அது. அவரது தேநீர்க் குடிலின் வாயில் சுமார் இரண்டு அடி உயரமே உடையது. போர்வீரனும் வாளை வெளியே வைத்துவிட்டுத் தலைகுனிந்தே உள்ளே நுழைய வேண்டும். உள்ளே பதவியும் இல்லை, பகையும் இல்லை.

இணக்கம், மரியாதை, தூய்மை, அமைதி என்பன இந்நெறியின் நான்கு தூண்கள். கிண்ணத்தைத் துடைப்பது, நீரை அகப்பையால் மொள்ளுவது, தூளாக்கிய பச்சைத் தேயிலையை மூங்கில் கடைகோலால் கடைவது என ஒவ்வொரு செயலும் பல்லாண்டுகள் பயிலப்படுகின்றது. சிறு செயலிலும் கவனம் சிதறாதிருக்கப் பழகுபவனிடம் அவசரமும் அகந்தையும் மெல்லக் குறைகின்றன. இதுவே இதன் பயன்.

ஆனால் இக்கலைக்கும் ஆபத்து உண்டு. ஆட்சியாளர் ஹிதேயோஷி பொன்னாலேயே ஒரு தேநீர் அறையை அமைத்தார். ரிக்கியூ போற்றியதோ இரண்டு பாய்கள் மட்டுமே கொள்ளும் சிறு குடிலை. இறுதியில் ஹிதேயோஷியின் கட்டளைப்படியே ரிக்கியூ உயிர்துறக்க நேர்ந்தது. ஆடம்பரம் புகுந்த இடத்தில் ஒழுக்கம் வெளியேறிவிடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இந்நெறி எமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. குடிலுக்குள் நுழையுமுன் கையையும் வாயையும் கழுவும் வழக்கத்தை, வுழூச் செய்து தொழுபவரும் கால் கழுவிக் கோயிலுக்குள் செல்பவரும் எளிதில் விளங்கிக்கொள்வர். விருந்தினர் ஒரே கிண்ணத்தில் மாறி மாறிப் பருகுவது, ஒரே சஹனில் கூடி உண்ணும் முஸ்லிம்களின் மரபை நினைவூட்டும். விருந்தோம்பலுக்குத் தனி அதிகாரமே வகுத்தவர் வள்ளுவர்.

போரின் வடுக்களைச் சுமக்கும் திருகோணமலைக்கு ஜப்பானியப் பாய்களோ விலையுயர்ந்த கிண்ணங்களோ தேவையில்லை. துறைமுகத்தை அண்டிய தேநீர்க் கடையின் வாங்கில், அருகில் அமர்ந்திருப்பவர் எவ்வினத்தவர் என்று பாராது, அவருக்கு முதலில் கோப்பையை நகர்த்திக் கொடுக்கும் பணிவு போதும். வாளை வெளியே வைப்பது என்பதும் அதுவே.