ஜீப்பும் மேலதிகத் தாங்கியும்

2022 ஜூன் 27 நள்ளிரவோடு தனியார் வாகனங்களுக்கு எரிபொருள் நிறுத்தப்பட்டதை வெள்ளவத்தைச் சகோதரிகள் மறந்திருக்க மாட்டார்கள். அடுத்து வந்த கியூ.ஆர். முறையில் முதலில் காருக்கு வாரம் 20 லீற்றர்தான். அந்நாட்களில் எத்தனை வீட்டுச் சமையலறைகளில் பெற்றோல் கேன்கள்! பெற்றோல் ஆவி காற்றை விடக் கனமானது. தரையோடு தவழ்ந்து அடுப்பைத் தொட்டுவிடும். டீசல் அவ்வளவு எளிதில் பற்றாது; ஆனாலும் வீட்டுக்குள் வைக்கும் பொருளன்று.

தூரப் பயணத்திற்கென ஜீப்பில் மேலதிக டீசல் தாங்கி பொருத்துவது வேறு விடயம். அது வண்டியின் அடியில், உள்ளே தடுப்புத் தகடுகளோடும் காற்றுக் குழாயோடும் இறுக்கமாக அமைய வேண்டும். 100 லீற்றர் டீசல் 80 கிலோவுக்கு மேல். ஓர் ஆளின் பாரம். அந்த அளவுக்குச் சாமான்களைக் குறைத்தே ஏற்ற வேண்டும். கொழும்பிலிருந்து பொத்துவில் போக இதெல்லாம் தேவையேயில்லை. வழிநெடுக எரிபொருள் நிலையங்கள் இருக்கின்றன.