வெண்திரையும் எல்லைக் கோடும்

தம் கலைகளின் வரலாற்றை மறந்த ஜனங்களைக் கலகத்திற்கு இழுப்பது எளிது. 2018-ல் 'காலா' படத்தைக் கன்னட நாட்டில் திரையிடலாகாதென்று அங்குள்ள திரைப்பட வர்த்தக சபையார் தடுக்க முற்பட்டனர். 2025-ல் 'தக் லைப்' படத்திற்கும் அதுவே நேர்ந்தது. விவகாரம் சுப்ரீம் கோர்ட்டு வரை சென்றது. ஒசூரில் ஓடிய படம் அத்திப்பள்ளிக்கு அப்பால் ஓடவில்லை. தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே தெருவில் புழங்கும் ஒசூர், கிருஷ்ணகிரிப் பிரதேசத்தார் இதை வேடிக்கை பார்த்திருத்தல் தகுமா?

சினிமாவின் பிறப்பைச் சற்றே நோக்குவோம். 1895 டிசம்பர் 28-ல் பாரிஸ் நகரில் லூமியேர் சகோதரர்கள் காட்டிய சலனப் படம், 1896 ஜூலை 7-ல் பம்பாய்க்கு வந்துவிட்டது. 1905-ல் திருச்சி ரயில்வே குமாஸ்தா சாமிக்கண்ணு வின்சென்ட், ஒரு பிரெஞ்சுக்காரரிடம் கருவியை விலைக்கு வாங்கி ஊர் ஊராய்ப் படங் காட்டினார். 1913-ல் பால்கே 'ராஜா ஹரிச்சந்திரா'வை வெளியிட்டார். சில ஆண்டுகளில் சென்னையில் நடராஜ முதலியார் 'கீசக வதம்' எடுத்தார்.

பேசும் படம் வந்த பின்னரோ பாஷைகளின் உறவு இன்னும் நெருங்கிற்று. 1931-ல் வெளியான முதற் தமிழ்ப் பேசும் படம் 'காளிதாஸ்' பம்பாயில் உருவாயிற்று. அதில் டி. பி. ராஜலக்ஷ்மி தமிழில் பேச, நாயகன் தெலுங்கில் மறுமொழி கூறினான். கைராட்டினத்தைப் போற்றும் தேசியப் பாட்டும் அதில் ஒலித்தது. 1934-ல் வந்த முதற் கன்னடப் பேசும் படம் 'சதி சுலோசனா' மகாராஷ்டிரக் கோலாப்பூரில் எடுக்கப்பட்டது. அதன் டைரக்டர் ஒய். வி. ராவ் நெல்லூர்க்காரர், அவரே 1937-ல் தமிழுக்குச் 'சிந்தாமணி'யைத் தந்தார். ஒசூரையும் கிருஷ்ணகிரியையும் அந்நாளில் தன்னுள் கொண்டிருந்த சேலம் ஜில்லாவின் மாடர்ன் தியேட்டர்ஸ், 1938-ல் மலையாளத்தின் முதற் பேசும் படமான 'பாலன்' எடுத்தது. எந்த பாஷையார் தமது சினிமா தமக்கே உரியதென்று மார்தட்டவியலும்?

தடையினால் விளைவது யாது என்பதையும் நமது தேசம் அறியும். ஒசூரை அடுத்த தொரப்பள்ளியிற் பிறந்த ராஜாஜிக்குச் சினிமா மீது மதிப்பில்லை. எனினும் அவரது மந்திரிசபை நடந்த 1939-ல் கே. சுப்ரமண்யத்தின் 'தியாகபூமி' தடையின்றி ஓடியது. மந்திரிசபை விலகியபின் 1940-ல் அந்நிய சர்க்கார் அதைத் தடை செய்தது. தேசபக்தியை அத்தடை அழித்ததா? இல்லை. அன்று அந்நியன் செய்த காரியத்தை இன்று நாமே ஒருவருக்கொருவர் செய்வது வெட்கக்கேடு.

கருத்து வேற்றுமைக்குப் பதில் கருத்தே ஆகும். கொட்டகையைப் பூட்டுவது பதிலாகாது. இது தமிழருக்கும் கன்னடருக்கும் பொதுவான தர்மம்.

'கீசக வதம்', 'காளிதாஸ்', 'சதி சுலோசனா' மூன்றின் சுருள்களும் அழிந்துபோயின. எஞ்சிய பழம் படங்களை ஒசூரில் இரு பாஷையாரும் ஒருங்கே கூடிக் காண ஊழியர்கள் ஏற்பாடு செய்க. வீட்டுப் பெட்டிகளிற் கிடக்கும் பழைய பாட்டுப் புஸ்தகங்களையும் நோட்டீஸுகளையும் திரட்டி, சென்னை ரோஜா முத்தையா நூலகம் போன்ற காப்பிடங்களிற் சேர்ப்பிக்க. எல்லையில் வாழ்வோருக்கே இப்பணி முதற் கடமையாகும்.